பதினொரு புத்தகம் படித்தும் மனது தேறவில்லையே!

கேள்வி: எனக்கு 39 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர், எட்டாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அந்தத் துக்கம் ஆறுமுன் நான் வேலை பார்த்த தனியார் பள்ளியை மூடிவிட்டார்கள். நகைக் கடன் இருக்கிறது. வீட்டை விற்றுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. மனத்தைத் தேற்றிக்கொள்ள எட்டு மாதத்தில் பதினொரு தன்னம்பிக்கை நூல்கள் படித்துவிட்டேன். படிக்கும்போது தெம்பாக இருக்கிறது, மூடி வைத்தால் போய்விடுகிறது. அதிகாலை நான்கு மணி போன் ஜெபக் குழுவில் இருக்கிறேன், வெள்ளிதோறும் உபவாசம். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. சபையில் ஒரு பெரியவர், "வேதம் கையில் இருக்கும்போது இந்தப் புத்தகங்கள் எதற்கு? விசுவாசக் குறைவு" என்கிறார். அழுதால்கூடக் குற்றமாகத் தோன்றுகிறது. என்னுடைய ஏதோ பாவத்துக்குத்தான் இதெல்லாம் என்றும் நினைக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

படித்த புத்தகங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று மணி விழிப்பைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் ஜெயித்த கையோடு எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து அவரை அதட்டவில்லை. விசுவாசம் எங்கே என்று கேட்கவுமில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துத் தூங்குகிறார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்த பிறகுதான் நாற்பது நாள் நடை, ஓரேப் மலை, "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி எல்லாம். வரிசையைக் கவனியுங்கள்: சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு, அதற்குப் பின்தான் பேச்சு. நீங்கள் பேச்சிலிருந்து தொடங்கிவிட்டீர்கள். அதனால்தான் பதினொரு புத்தகமும் பசித்த வயிற்றில், தூங்காத கண்ணில் விழுந்திருக்கின்றன.

ஆகவே முதல் இரண்டு வாரம் புதுப் புத்தகம் வேண்டாம். நான்கு மணிக் குழுவில் இருப்பவர்களிடம் ஆறு வாரத்துக்கு வர இயலாது என்று சொல்லிவிடுங்கள். காரணமாக "உடம்பு சரியில்லை" என்று சொன்னால் அது பொய்யல்ல. மூன்று மணிக்கு விழிப்பவர் நான்கு மணிக்குக் குழுவில் இணைய வேண்டும் என்ற நினைப்போடு படுத்தால், மூளை அந்த நேரத்தையே விழிப்பு நேரமாகப் பழகிக்கொள்ளும். ஜெபத்தைக் காலை ஆறு மணிக்கு மாற்றுங்கள். வெள்ளி உபவாசத்தையும் நிறுத்தி வையுங்கள். சரியாகச் சாப்பிடாத உடம்பு மேலும் பட்டினி கிடந்தால் எரிச்சலும் படபடப்பும்தான் கூடும்.

தூக்கத்துக்குச் செய்ய வேண்டியவை இவை. எழுந்திருக்கும் நேரத்தை 5.30 என்று வைத்துக்கொண்டால், இரவு எப்படிப் போனாலும், ஞாயிறானாலும் அதே நேரம். படுக்கும் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கண் சொருகும்போது படுத்தால் போதும். பகலில் தூங்கியே ஆக வேண்டுமென்றால் முப்பது நிமிடத்துக்குள், மூன்று மணிக்கு முன். மதியம் இரண்டுக்கு மேல் டீ, காபி கூடாது. குடித்த காபியின் பாதி வீரியம் ஐந்து மணி நேரம் கழித்தும் இரத்தத்தில் இருக்கும். இரவில் விழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், போனைத் தொடவே தொடாதீர்கள். ஏறக்குறைய இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் பாயை விட்டு எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். மங்கலான வெளிச்சத்தில், அச்சிட்ட வேதத்தில் ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். கொட்டாவி வந்ததும் திரும்பிப் போய்ப் படுங்கள். அந்த நேரத்தில் போராடி ஜெபிக்க முயலாதீர்கள். படுக்கை என்றாலே போராட்டக் களம் என்று உடம்பு கற்றுக்கொண்டால் அதை மறக்கடிக்கப் பல வாரம் ஆகும். முதல் நான்கைந்து நாள் இது தூக்கத்தைக் குறைப்பது போலத்தான் இருக்கும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

இதற்கு நடுவே ஓர் இரத்தப் பரிசோதனையும் தேவை. ஹீமோகுளோபின், தைராய்டு (டிஎஸ்ஹெச்), சர்க்கரை மூன்றும் பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இரத்தம் குறைந்தாலும் இதே சோர்வு, இதே அழுகை வரும். அது மருந்தால் சரியாக வேண்டியது. எந்தத் தன்னம்பிக்கை நூலும் அதைச் சரிசெய்யாது.

மனச்சோர்வை அளக்க மருத்துவர்கள் பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். கடந்த இரண்டு வாரத்தில் நாட்டமின்மை, தூக்கம், பசி, சோர்வு, தன்னைத் தாழ்த்தி நினைத்தல் போன்றவை எத்தனை நாள் இருந்தன என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ நேரில் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற நினைப்பைப் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எந்த விடை வந்தாலும் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கத் தேவையில்லை, அன்றைக்கே உதவி கேளுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மாநில அரசின் 104-உம் உண்டு. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கடிதத்தில் அப்படி ஒரு குறிப்பும் இல்லை. ஆனாலும் கேட்காமல் விடக்கூடாத கேள்வி இது.

இனிப் புத்தகத்துக்கு வருவோம். பெரியவர் சொன்னதற்கு முதலில் பதில். 2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தில், சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த பவுல் தீமோத்தேயுவிடம் எடுத்துவரச் சொன்னவை என்னென்ன? துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கி, புஸ்தகங்கள், விசேஷமாய்த் தோற்சுருள்கள். குளிருக்குப் போர்வை, மனதுக்குப் படிப்பு. கூடவே, மாரிகாலத்துக்கு முன்னே நீயே வந்துவிடு என்கிறார். அதாவது துணைக்கு ஆள். விசுவாசம் குறைந்ததால் பவுல் இவற்றைக் கேட்டார் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

ஆனாலும் பெரியவரின் அச்சத்தில் ஒரு நியாயம் உண்டு. நீதிமொழிகள் புத்தகத்தைத் தன்னம்பிக்கை நூல்களின் தாய் என்றே சொல்லலாம். உழைத்தால் பலன், சோம்பினால் வறுமை, நாவைக் காத்தால் சமாதானம். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் வேதம் அதோடு நிற்கவில்லை. எல்லாம் சரியாகச் செய்தவனுக்கும் எல்லாம் போகும் என்பதற்காக யோபுவின் புத்தகம் இருக்கிறது. சந்தையில் விற்கும் பல தன்னம்பிக்கை நூல்களில் நீதிமொழிகள் மட்டும் உண்டு, யோபு இல்லை. "எல்லாம் உன் எண்ணத்தில்தான் இருக்கிறது" என்று எழுதும் ஆசிரியர், மூடிய பள்ளிக்கும் இறந்த தகப்பனுக்கும் உங்களையே பொறுப்பாளியாக்கிவிடுகிறார். படித்து முடித்ததும் தெம்பு போய்க் குற்றவுணர்வு வருவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

இந்த வகை நூல்களுக்கு ஆங்கிலத்தில் பெயர் கொடுத்ததே ஒரு புத்தகம்தான். சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859-இல் வெளியிட்ட 'செல்ஃப் ஹெல்ப்'. அது பிறந்த கதையை அதன் முன்னுரையே சொல்கிறது. இங்கிலாந்தின் வடபகுதி ஊர் ஒன்றில் எளிய இளைஞர்கள் சிலர் இரவில் கூடி, தெரிந்ததை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். கூட்டம் பெருகவே, முன்பு காலரா நோயாளிகளுக்கு மருத்துவமனையாக இருந்த ஓர் அழுக்கு அறையை வாடகைக்கு எடுத்தார்கள். நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று வேறு யாரும் எடுக்காத அறை. அங்கே ஸ்மைல்ஸ் ஆற்றிய உரைகளே பின்னாளில் நூலாயின. 1866 பதிப்பில் அவரே, தலைப்பு துரதிர்ஷ்டமாக அமைந்துவிட்டது, சுயநலத்தைப் புகழ்வதாகச் சிலர் எண்ணிவிட்டார்கள் என்று வருந்துகிறார். தனக்குத் தானே உதவுவது என்ற பேச்சு, பத்துப் பேர் சேர்ந்து படித்த அறையிலிருந்து வந்தது. நாம் அறையை விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

உங்களிடம் உள்ள பதினொன்றையும் தரையில் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றிலும் இவற்றைப் பாருங்கள். செய்து பார்க்கப் பயிற்சி இருக்கிறதா, அல்லது வெற்றிக் கதைகள் மட்டுமா? துன்பம் வந்தால் படிப்பவரைக் குறை சொல்கிறதா? இத்தனை நாளில் பணம், இத்தனை நாளில் மாற்றம் என்று உறுதி தருகிறதா? எழுதியவருக்கு அந்தத் துறையில் பயிற்சி உண்டா? பயிற்சியுள்ள நூல் ஒன்றோ இரண்டோ தேறும். அதில் ஒன்றை மட்டும் மேசையில் வைத்துவிட்டு மற்றவற்றை மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றுங்கள். யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், இப்போது எதையும் முடிவாகச் செய்ய வேண்டிய காலம் இல்லை.

வீட்டை விற்பதும் அப்படித்தான். மனம் இருண்டிருக்கும் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்பது 16-ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த விதி. கத்தோலிக்கத் தியானங்களில் இன்றும் சொல்லித் தருகிறார்கள். நீங்கள் எந்தச் சபையானாலும் அது பொருந்தும். ஆறு மாதம் தள்ளி வையுங்கள்.

படிக்கும்போது வரும் தெம்பு ஏன் தங்குவதில்லை? நல்ல யோசனையைப் படித்ததுமே, அதைச் செய்துவிட்டது போன்ற ஒரு நிறைவு மனதில் வந்துவிடுகிறது. அந்த நிறைவு வடிந்ததும் அடுத்த புத்தகம் தேவைப்படுகிறது. இதை உடைக்க ஒரே வழி, படிப்பதைக் குறைத்துச் செய்வதைக் கூட்டுவது. ஒரு வாரத்துக்கு ஒரு அத்தியாயம். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், கையில் பென்சில். முதல் நாள் முழுதாக வாசிப்பு. இரண்டாம் நாள் மறுவாசிப்பு, ஒரே ஒரு வாக்கியத்துக்கு அடிக்கோடு. மூன்றாம் நாள் அந்த வாக்கியத்தை "இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன்" என்று மாற்றி எழுதுங்கள். "தினமும் நடக்க வேண்டும்" என்று எழுதினால் நடக்க மாட்டீர்கள். "சின்னவனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டதும், வீட்டுக்குள் வராமல், அப்படியே கோயில் தெரு முனைவரை நடந்து திரும்புவேன்" என்று எழுதினால் நடப்பீர்கள். ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு காரியத்தின் வாலில் புதியதைக் கட்டிவிட வேண்டும். மீதி நான்கு நாளும் வாசிப்பு இல்லை, செய்வது மட்டும்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று உங்கள் பதினொன்றில் ஏதாவது ஒன்று சொல்லியிருக்கும். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் 1960-இல், தம் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதாக எழுதினார். அதில் "குறைந்தது" கழன்றுபோய், 21 மட்டும் ஊர் சுற்றுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில் பழக்கம் படிய ஆன காலம் 18 நாளிலிருந்து 254 நாள்வரை விரிந்தது, நடு அளவு 66 நாள். ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே 22-ஆம் நாள் மாற்றம் தெரியவில்லையே என்று உங்களை நீங்களே ஏசிக்கொள்ளாதீர்கள். ஒருநாள் விட்டால் மறுநாள் தொடருங்கள்.

இப்போது ஒரு பயிற்சியைக் கிட்ட வைத்துக் காட்டுகிறேன். 80 பக்க நோட்டு ஒன்றில் ஒரு பக்கத்தை நான்காகக் கோடு போட்டுப் பிரியுங்கள். பள்ளிக் கட்டணத்தை நினைவூட்டி ஒரு குறுஞ்செய்தி வந்த நாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் நடந்தது மட்டும்: "செவ்வாய், கட்டணம் கேட்டு மெசேஜ்." இரண்டாவதில் மனதில் ஓடிய வாக்கியம், அப்படியே: "நான் பிள்ளைகளைக் கரைசேர்க்க மாட்டேன்." அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள்? 90 என்று போடுங்கள். மூன்றாவதில் சாட்சி. கோர்ட்டில் ஏற்கும் சாட்சியாக இருக்க வேண்டும்: "போன இரண்டு பருவமும் கட்டினேன், ஒருமுறை பத்து நாள் தாமதம். கணவர் மாதாமாதம் அனுப்புகிறார். பெரியவள் படிப்பில் பின்தங்கவில்லை." நான்காவதில், அந்தச் சாட்சியை வைத்துத் திருத்திய வாக்கியம்: "இந்தப் பருவம் மொத்தமாகக் கட்ட முடியாது. திங்களன்று பள்ளி அலுவலகத்தில் இரண்டு தவணை கேட்பேன்." இப்போது பழைய வாக்கியத்தை எவ்வளவு நம்புகிறீர்கள்? 60 என்று வந்தால் பயிற்சி வேலை செய்துவிட்டது. பூஜ்யத்துக்கு வர வேண்டியதில்லை. தினம் ஒரு பக்கம், மாலை ஐந்து மணி, இருபது நிமிடம். ராத்திரி மூன்று மணிக்கு இதைச் செய்யக்கூடாது. அப்போது வரும் கவலையை ஒரு துண்டுச் சீட்டில் ஒரு வரியாகக் குறித்து, "மாலை ஐந்துக்கு" என்று தள்ளிவிடுங்கள்.

விசுவாசிகள் இந்தப் பயிற்சியில் தவறும் இடம் மூன்றாவது கட்டம். சாட்சிக்குப் பதில் அங்கே ஒரு வசனத்தை எழுதி, அதனாலேயே தங்களை அடித்துக்கொள்கிறார்கள்: "ஒன்றுக்குங் கவலைப்படாதிருங்கள் என்றிருக்கிறது, நான் கவலைப்படுகிறேன், ஆகவே பாவி." வசனத்துக்கு இடம் உண்டு, நான்கு கட்டத்துக்கும் கீழே, கடைசியில். உண்மையைப் பார்த்து முடித்த பிறகு ஜெபத்துக்குப் போகும் வாசலாக அது இருக்கட்டும்.

இந்த முறையை 1960-களில் ஃபிலடெல்ஃபியாவில் மனநல மருத்துவர் ஆரன் பெக் வளர்த்தெடுத்தார். தன் மனத்தோடு தானே வழக்காடுவது சங்கீதக்காரருக்கும் தெரிந்த வழிதான். 42, 43-ஆம் சங்கீதங்களில் "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்ற கேள்வி மூன்று தரம் வருகிறது. ஒருமுறை கேட்டதும் கலக்கம் தீர்ந்திருந்தால் மறுமுறை கேட்டிருக்க மாட்டார். ஒவ்வொரு தரமும் நம்பிக்கைக்கு வருகிறார், அடுத்த வசனத்திலேயே மறுபடியும் கலங்குகிறார், மறுபடியும் கேட்கிறார். உங்கள் தெம்பு போய்ப் போய் வருவதும் இப்படித்தான்.

வாக்குத்தத்த வசனம் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த அட்டை உங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கும். எரேமியா 29:11 மிகப் பழக்கமான ஒன்று. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அதற்கு முந்திய வசனத்தைப் பாருங்கள்: எழுபது வருஷம். இன்னும் மேலே, ஐந்தாம் வசனத்தில்: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள். பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. நாளைக்கே ஊர் திரும்புவீர்கள் என்று ஆசைகாட்டிய கள்ளத் தீர்க்கதரிசிகளை மறுத்து, இருக்கிற இடத்தில் செடி வை என்று சொன்ன வாக்குத்தத்தம். பிலிப்பியர் 4:13-உம் அப்படியே. எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்பதைத் தேர்வு, தொழில், வெற்றி எல்லாவற்றுக்கும் ஒட்டுகிறோம். முந்திய இரண்டு வசனமும் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் பவுல் கற்றுக்கொண்டதைப் பேசுகின்றன. கற்றுக்கொண்டேன் என்றால் ஒரு காலத்தில் தெரியாமல் இருந்தது என்றுதானே பொருள்? ஒரு வசனத்தை எடுத்தால் அதன் முன்னும் பின்னும் பத்து வசனம் வாசியுங்கள். அதிகாலையில் போனில் வரும் ஐந்து வசனங்களைவிட இது உங்களைத் தாங்கும்.

அழுகைக்கு வருகிறேன். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். அழுவது விசுவாசக் குறைவென்றால் வேதத்திலிருந்து நிறையக் கிழிக்க வேண்டியிருக்கும். 13-ஆம் சங்கீதத்தை மாதிரியாக வைத்து எழுதிப் பாருங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் முறையீடு: எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று கேட்டுக்கொண்டே போகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம்: பாரும், கேளும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டில் நம்பிக்கை. உங்கள் நோட்டில் அதே அளவில் மூன்று பத்தி. முறையீட்டில் மரியாதை பார்க்காதீர்கள். அப்பாவின் கடைசி நாட்கள், மூடிய பள்ளி, பேச்சுத்துணை இல்லாத இரவுகள், எல்லாவற்றையும் பேர் சொல்லி எழுதுங்கள். விண்ணப்பம் குறிப்பாக இருக்கட்டும். "ஆசீர்வதியும்" என்று எழுதாமல், "இந்த வாரம் நான்கு இரவு தூங்க வேண்டும்" என்று எழுதுங்கள். மூன்றாம் பத்தி வரவில்லையா? விட்டுவிடுங்கள். ஏமான் பாடிய 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் தொகுப்பில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

மனத்துயரை எழுதுவதைப் பற்றி உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் தொடங்கிய ஆய்வுகளின் முறை: நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், இலக்கணம் பார்க்காமல், யாருக்கும் காட்டாமல். எழுதிய உடனே மனம் இன்னும் கனக்கும். ஓரிரு மணியில் தணியும். ஆகவே இரவில் எழுதாதீர்கள். எழுதும்போது தாங்க முடியாமல் போனால் அன்றைக்கு நிறுத்திவிடலாம்.

"என் பாவத்துக்குத்தான்" என்ற எண்ணத்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சமய நம்பிக்கை துன்பத்தில் எப்படிச் செயல்படுகிறது என்று நெடுங்காலம் ஆராய்ந்த கென்னத் பார்கமெண்ட் இரண்டு போக்கைப் பிரித்துக் காட்டினார். கடவுள் என்னோடு இருக்கிறார், இதில் அவரோடு சேர்ந்து நடக்கிறேன் என்பது ஒன்று. அது தாங்குகிறது. கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்பதில் நின்றுவிடுவது மற்றொன்று. அது சோர்வை ஆழமாக்குகிறது. அதே ஜெபம், அதே சபை, அதே வேதம், ஆனால் விளைவு தலைகீழ். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு சொன்ன பதில் யோவான் 9:3-இல் இருக்கிறது: இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல. பள்ளி மூடியதற்கு மாணவர் எண்ணிக்கை, வருமானம், நிர்வாகம் என்று காரணங்கள் இருக்கும். உங்கள் பாவப் பட்டியலில் அதைத் தேட வேண்டாம். இந்த எண்ணம் விடாமல் துரத்தினால் நீங்கள் நம்பும் ஒரு போதகரிடம் இதை மட்டும் தனியாகப் பேசுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது உங்கள் தனிமையைப் பற்றி. கடிதத்தில் பதினொரு புத்தகம் இருக்கிறது, ஒரு தோழியின் பெயர்கூட இல்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் சகாக்களும் நடுவயதுவரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு எல்லாம் சேர்ந்து மிகுந்த ஆபத்தில் வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் நல்லபடி தலையெடுத்தார். அப்படி நிமிர்ந்தவர்கள் வாழ்வில் திரும்பத் திரும்பத் தென்பட்டது, அவர்கள்மேல் அக்கறைகொண்ட ஒரு மனிதராவது இருந்தது. பாட்டி, ஆசிரியர், அயலார், யாராகவும் இருக்கலாம். சபைத் தொடர்பும் பலருக்குத் துணையாக நின்றது.

உங்களுக்கும் ஓர் ஆள் வேண்டும். சபைப் பெண்களில் அறிவுரை சொல்லாமல் கேட்கத் தெரிந்த ஓர் அக்காவை நினைத்துப் பாருங்கள். யோபுவின் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்ததும் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்ததுதான். வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது. அந்த அக்காவிடம் நேராகவே கேட்கலாம்: "அக்கா, வியாழக்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் எங்க வீட்டுக்கு வர முடியுமா? எனக்கு வழி சொல்ல வேண்டாம். நான் பேசுறதைக் கேட்டுட்டு, கடைசியில ஒரு சின்ன ஜெபம் பண்ணினால் போதும்." கிழமையும் நேரமும் கேட்பதும் குறிப்பாக இருந்தால்தான் வருவார்கள். "எனக்காக ஜெபிச்சுக்குங்க" என்றால் "கண்டிப்பா" என்பார்கள், அதோடு முடிந்துவிடும். இரண்டாம் மாதத்தில், மேசையில் வைத்திருக்கும் அந்த ஒரு புத்தகத்தை அவரோடு சேர்ந்து படிக்கலாம். கணவரிடமும் "நல்லா இருக்கோம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. தூக்கம் இல்லாததையாவது சொல்லுங்கள்.

நகைக் கடனுக்கு மனப்பயிற்சி தீர்வல்ல. ரசீதை எடுத்து, தவணை முடியும் தேதி, இன்றைய தேதிவரை வட்டி, அசல் மூன்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கிளைக்குப் போய், வட்டியை மட்டும் கட்டி மறுஅடகு வைக்க முடியுமா, ஒரு நகையை விற்று மற்றதை மீட்பது லாபமா என்று கேளுங்கள். இன்னொரு இடத்தில் அதிக வட்டிக்கு வாங்கி இதை அடைக்காதீர்கள். எண் தெரியாத கடன்தான் மூன்று மணிக்கு எழுப்பும். வேலைக்கு இப்போதைக்குப் பெரிய திட்டம் வேண்டாம். தெருப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுங்கள். வருமானம் சிறிதுதான். ஆனால் நாளுக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கும், ஒருகாலத்தில் நன்றாகச் செய்த வேலை மறுபடியும் கைக்கு வரும்.

தூக்கமும் சாப்பாடும் நான்கு வாரத்தில் சற்றாவது சீர்ப்பட வேண்டும். படவில்லை என்றால், அல்லது அந்த ஒன்பது கேள்விப் பட்டியலில் பத்தோ அதற்கு மேலோ வந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மருந்து எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டல், லேசான படபடப்பு இருக்கலாம். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது, மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். யாராவது "மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசி" என்றால், எலியாவுக்கு வைக்கப்பட்ட அடையை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். எத்தனை பக்கம் படித்தீர்கள் என்று எழுத வேண்டாம். வாரத்தில் எத்தனை இரவு தூங்கினீர்கள், எத்தனை மாலை நோட்டில் எழுதினீர்கள், வியாழக்கிழமை அக்கா வந்தாரா, இந்த மூன்றையும் மட்டும் எழுதுங்கள்.